தூபத்துக்கு எந்தப் புகை?

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

திருவாராதனத்தில் அலங்காராஸநத்தின்போது எம்பெருமானுக்குச் சந்தனமும் புஷ்பமும் ஸமர்ப்பித்தபின், மணியோசையுடன் தூபமும் தீபமும் கண்டருளப் பண்ணுகிறோம். நித்தியமும் நடக்கும் கைங்கர்யமாகையாலே இதைக் குறித்து நாம் நின்று எண்ணுவது குறைவு. ஆனால் கடைக்குச் சென்று நின்றால் எண்ண வேண்டியதாகிறது. கட்டிச் சாம்பிராணி, பொடிச் சாம்பிராணி, குங்கிலியம், தசாங்கம், நூறு வாசனைகளில் ஊதுபத்தி, நெருப்புத் துண்டும் வேண்டாத "கம்ப்யூட்டர் சாம்பிராணி" என்று எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வெளிதேசங்களில் வாழும் அடியார்களுக்கோ வேறொரு கவலை. சிறிது புகை எழுந்தாலும் அலறும் கருவி அவர்கள் வீட்டுக் கூரையிலே இருக்கிறது.

எந்தத் தூபம் எம்பெருமானுக்கு உகந்தது? எது ஆகாது? ஒன்றும் கிடைக்காத ஊரில் என் செய்வது? இவ்வினாக்களுக்கு ஆழ்வாருடைய ஒரு பாசுரத்தையும், அதற்குப் பட்டர் அருளிச்செய்த பொருளையும் முன்னிட்டு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

ஆழ்வார் கேட்ட புகை

திருவாய்மொழி முதற்பத்தின் ஆறாம் திருவாய்மொழி எம்பெருமானுடைய ஸ்வாராததையைப் பேச வந்தது. அவன் ஆராதனைக்கு எளியவன் என்பதே இப்பதிகத்தின் திரண்ட பொருள். இதன் முதற்பாசுரத்தில் நம்மாழ்வார், குற்றமற்ற ஸர்வேச்வரனைப் பாடி உய்ய நினைப்பாருக்கு மூன்றே உபகரணங்களைக் காட்டுகிறார்: நீர், புகை, பூ. கீதையின் ஒன்பதாம் அத்யாயத்தில் கண்ணன் தானே இலை, பூ, பழம், நீர் என்று கேட்டதும் இதே எளிமையைக் காட்டவே.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, ஆழ்வார் சொன்னதை மட்டுமன்று, சொல்லாமல் விட்டதையும். பூ என்றவர் இன்ன பூ என்று குறிக்கவில்லை. புகை என்றவர் இன்ன திரவியத்தின் புகை என்று குறிக்கவில்லை. அகிலும் சந்தனமும் ஆழ்வார்கள் அறியாத பொருள்களல்ல. திருமங்கையாழ்வார் திவ்யதேசத்து ஆறுகளை வர்ணிக்குமிடத்து அவை மீண்டும் மீண்டும் வருகின்றன. அறிந்திருந்தும் விசேஷிக்காமல் விட்டாராகையால், அதற்கு ஒரு கருத்து இருக்க வேண்டும்.

பட்டர் அருளிய விடை

அக்கருத்தை ஈடு முப்பத்தாறாயிரப்படி நமக்குக் காட்டித் தருகிறது. பராசர பட்டர் இப்பாசுரத்துக்குப் பொருள் அருளும்போது, அகிற்புகை என்றோ, உயர்ந்த ஜாதிப் பூ என்றோ ஆழ்வார் விசேஷிக்காமையாலே, சருகும் கூளமும் இட்டுப் புகைத்தாலும் போதும், கண்டகாலிப் பூவை இட்டாலும் போதும் என்று ஸாதித்தார். கண்டகாலி என்பது முள் நிறைந்த செடி. வழியோரத்தில் படரும் கண்டங்கத்தரியே அது என்பர்.

கேட்டிருந்த நஞ்சீயர் ஒரு வினா எழுப்பினார். அந்தப் பூவை இடலாகாது என்று சாஸ்த்ரம் விலக்கியிருக்கிறதே, இது எங்ஙனே பொருந்தும் என்பது அவர் ஐயம். பட்டர் அதற்கு அருளிய விடை நம் ஸம்ப்ரதாயத்தின் இதயத்தைத் திறந்து காட்டுவது. அந்தப் பூ எம்பெருமானுக்கு ஆகாது என்பதற்காக விலக்கவில்லை. பறிக்கிற அடியானுடைய கையிலே முள் பாயுமே என்பதற்காக விலக்கிற்று என்றார்.

இவ்விடையில் இரண்டு பொருள்கள் உள்ளன. எம்பெருமான் அவாப்தஸமஸ்தகாமன், அவனுக்குக் குறை ஒன்றுமில்லை. ஆகையால் திரவியத்தின் உயர்வு தாழ்வு அவன் திருவுள்ளத்தில் கணக்காகாது. இடுகிறவனுடைய அன்பே கணக்காகும். இது முதற்பொருள். சாஸ்த்ரம் ஒரு திரவியத்தை விலக்குமிடத்தும், அவ்விலக்கு அடியார்பக்கல் அவனுக்குள்ள பரிவினால் வந்தது என்பது இரண்டாம் பொருள். ஆராதனை பெறுகிறவன், ஆராதிக்கிறவனுடைய விரல் நோகுமோ என்று பார்த்திருக்கிறான்.

இவ்விரண்டாம் பொருளை மறந்தால், "எதுவாயினும் ஏற்பான்" என்னும் முதற்பொருள் நம் சோம்பலுக்குத் துணையாகிவிடும். எளிமை அவன் பக்கம். ஆதரம் நம் பக்கம். பெரியாழ்வார் ஏதோ ஒரு பூவைப் பறித்து இட்டு அமையாமல், நந்தவனம் வைத்து மாலை கட்டினார். பொருளின் விலையைக் கருதியா அப்படிச் செய்தார்? அன்பு மிகுந்தவிடத்து அக்கறையும் மிகும், அவ்வளவே.

திருக்கோவலூர் காட்டும் வழி

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019ஆம் ஆண்டு உருவானது. நடுநாட்டுத் திவ்யதேசமாகிய திருக்கோவலூர் இம்மாவட்டத்தில் பெண்ணையாற்றின் கரையில் உள்ளது. முதலாழ்வார் மூவரும் ஓர் இருண்ட மழையிரவில் இடைகழியிலே நெருங்கி நிற்க, நான்காமவனாய் எம்பெருமான் வந்து நெருக்கிய வரலாறு யாவரும் அறிந்ததே. அங்கே பொய்கையாழ்வார் பூமியை அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனைச் சுடராகவும் கொண்டு விளக்கேற்றினார். பூதத்தாழ்வார் அன்பையே அகலாக்கி ஏற்றினார். பேயாழ்வார் கண்டேன் என்றார்.

உலகையே விளக்காகக் கண்ட அந்தப் பொய்கையாழ்வாரே, அதே முதல் திருவந்தாதியின் 37ஆம் பாசுரத்தில், திசைதோறும் இருந்து புகையும் விளக்கும் பூவும் நீரும் ஏந்தித் திருவேங்கடத்துக்குச் செல்லும் வேதியர்களைக் கொண்டாடுகிறார். பெரிய விளக்கைக் கண்டபின் கையிலுள்ள சிறிய விளக்கும் சிறிய புகையும் அவருக்கு அற்பமாகத் தோன்றவில்லை. நாம் தூபக்காலில் இடும் ஒரு சிட்டிகைச் சாம்பிராணியும் அந்த யாத்திரையில் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

தூபத் திரவியங்கள்

இனி, வழக்கில் உள்ள திரவியங்களை ஒவ்வொன்றாக அறிவோம்.

சாம்பிராணி. இன்று நம் இல்லங்களில் மிகுதியும் பயில்வது இதுவே. சுமத்ரா, லாவோஸ், தாய்லாந்து முதலிய கீழ்த்திசை நாடுகளில் வளரும் மரத்தின் பட்டையைக் கீறினால் கசியும் பிசின் இது. உடைத்துப் பார்த்தால் பழுப்புக்கு நடுவே பால் போன்ற வெண்துண்டுகள் தெரியும். அரபு வணிகர்கள் இதனை ஜாவாவின் குந்துருக்கம் என்னும் பொருள்படப் பெயரிட்டு அழைத்தார்கள். வடசுமத்ராவின் மலைக்கிராமத்தார் தலைமுறைகளாக இம்மரத்தைத் தோட்டமாகவே வளர்த்து வருகிறார்கள். இனிய, மென்மையான மணம். தணலில் சிறிதளவே போதும்.

குங்கிலியம். இப்பெயர் ஒரே மரத்தைக் குறிப்பதன்று. வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் காடாக வளரும் சால மரத்தின் பிசின் ஒருவகை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளரும் பெருமரத்தின் கருநிறப் பிசின் கருங்குங்கிலியம். இது புகை அதிகம் எழுப்பும். ஆகையால் திறந்த முற்றத்துக்கும் பெரிய மண்டபத்துக்கும் ஏற்றது, சிறிய அறைக்கு அன்று. கருங்குங்கிலியம் வேண்டி மரத்தின் அடியில் தீயிட்டுப் பிசின் வரவழைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அது மரத்தை மெலிவிக்கும்.

குந்துருக்கம். பறங்கிச் சாம்பிராணி என்றும் வழங்குவர், வடமொழியில் சல்லகி. நம் நாட்டின் வறண்ட இலையுதிர் காடுகளில் வளர்வது. அரேபியாவிலும் ஸோமாலியாவிலும் பெயர்பெற்ற நறும்பிசின் இதன் இனமே. எலுமிச்சையும் கற்பூரமும் கலந்தாற்போன்ற மணம்.

குக்குலு. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் வறண்ட நிலத்தில் வளரும் முட்புதரின் பிசின். மருந்துக்கும் தூபத்துக்கும் மிகுதியாக வேண்டப்படுவதால், ஆழமாக வெட்டிப் பிசின் எடுக்கிறார்கள். அந்தக் காயத்தினால் செடியே பட்டுப்போகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பில் மிகவும் நெருங்கிய இனங்களில் வைத்துள்ளது.

அகில். தூபங்களில் அரசு என்று சொல்லத் தக்கது. வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளரும் மரம். பழுதில்லாத மரத்தில் மணம் இராது. காயம்பட்ட இடத்தில் பூஞ்சை பற்ற, அதைத் தடுக்க மரம் தன்னுள்ளே சுரக்கும் பிசினால்தான் கட்டை கறுத்து மணம் பெறும். எந்த மரத்தில் மணம் உண்டென்று வெளியிலிருந்து அறிய முடியாமையால், தேடுவோர் பல மரங்களை வீணாக வெட்டிச் சாய்த்தார்கள். இன்று நாடுகளுக்கிடையே இதன் வாணிகம் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. மலிந்த விலையில் "அகில்" என்று விற்பது பெரும்பாலும் வாசனை ஏற்றிய வேறு மரத்தூளே.

சந்தனம். அரைத்துச் சாத்துவதோடு, தூளாக்கித் தணலில் இடுவதும் உண்டு. இதைப் பற்றிக் கீழே தனியே பேசுவோம்.

தசாங்கம். பத்து அங்கங்கள் கூடியது என்று பெயரே சொல்லும். சந்தனம், அகில், தேவதாரு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, இலவங்கம், சாம்பிராணி, குங்கிலியம் முதலியவற்றை இடித்துக் கலப்பர். பட்டியல் இடத்துக்கு இடம் மாறும். அச்சில் இட்டுக் கூம்பாக எடுத்து நுனியில் தீ வைத்தால், தணல் இல்லாமலே கனன்று புகையும்.

ஊதுபத்தி. மூங்கில் குச்சியின் மேல் கரித்தூளையும், ஒட்டும் தன்மையுள்ள மரப்பட்டைத் தூளையும் பிசைந்து உருட்டி, வாசனை எண்ணெயில் தோய்த்தது. இன்று அவ்வாசனை பெரும்பாலும் செயற்கையானது. மூங்கிலை எரிப்பது கூடாதென்று ஊதுபத்தியைத் தவிர்க்கும் இல்லங்களும் உண்டு. அவர்கள் குச்சியில்லாத தூபத்தைக் கொள்வர்.

கம்ப்யூட்டர் சாம்பிராணி. கரித்தூள், மரத்தூள் ஆகியவற்றோடு சாம்பிராணியைச் சேர்த்து வட்டாகவோ கிண்ணமாகவோ அழுத்திச் செய்தது. தணல் மூட்ட வசதியற்ற இல்லத்துக்கு உதவும். ஆனால் சாம்பிராணியை விடக் கரியே அதில் அதிகம் என்பதை அறிந்து, சிறியதாக வாங்குவது நன்று.

கல்வராயன் மலையும் நம் தூபக்காலும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இரு பிரிவாகச் சேலம் பக்கமும் பரந்திருக்கிறது. கோமுகி ஆறு இம்மலையிலிருந்து இறங்கி வருகிறது. வெள்ளிமலை முதலிய ஊர்களில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். தினையும் சாமையும் விளைத்து, கடுக்காய், புளி, தேன் முதலிய காட்டுப் பொருள்களைத் திரட்டிக் கீழ்நாட்டுச் சந்தைக்குத் தருவது அவர்கள் வாழ்க்கை.

இம்மலை சந்தனத்துக்குப் பெயர்பெற்றது. சந்தன மரம் தன் வேரால் அடுத்துள்ள செடிகளின் வேரைப் பற்றி, அவற்றிடமிருந்து ஓரளவு உணவைப் பெற்று வளரும். தனியே நட்டால் செழிக்காது. காட்டின் கூட்டத்தோடு இருந்தால்தான் செழிக்கும். மணமுள்ள வைரம் பாய்வதற்குப் பல்லாண்டுகள் வேண்டும். வேரிலும் எண்ணெய் உண்டாகையால், சந்தனத்தை வெட்டுவோர் மரத்தை வேரோடு பெயர்த்தெடுப்பர். பிசின் மரத்தைப் போல மீண்டும் ஒருமுறை பலன் பெற வழியில்லை. திருட்டு வெட்டு மிகுந்து, ஒருகாலத்தில் இம்மலைகளில் தாராளமாக இருந்த மரம் இன்று அருகிவிட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் சந்தனமும் செம்மரமும் வெட்டத் தரகர்கள் கூலிக்கு அழைத்துச் சென்ற மலைவாழ் மக்கள் வழக்கிலும் சிறையிலும் அகப்பட்ட செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். இலாபம் கண்டவர் ஒருவர், அகப்பட்டவர் வேறொருவர்.

இங்கே பட்டருடைய விடையை மீண்டும் நினைப்போம். பறிக்கிறவன் கையில் முள் பாயலாகாது என்பதற்காக ஒரு பூ விலக்கப்பட்டது. அப்படியானால், வேறொருவன் கையில் விலங்கு விழும்படியாக வந்த சந்தனத் தூளை எம்பெருமான் திருமுன்பே புகைப்பது எங்ஙனே உகப்பாகும்? இது வ்யாக்யானத்தில் எடுத்துச் சொல்லப்பட்டதன்று. அது காட்டிய வழியே நடந்து நாம் எண்ணிப் பார்ப்பது. ஆயினும் அப்பொருளுக்கு முரணானதன்று என்றே கருதுகிறோம். நாம் தணலில் இடும் பொருள் எதுவாயினும், அதை முதலில் தொட்டது நம் கையன்று. ஏதோ ஒரு மலையில் பட்டையைக் கீறிப் பிசினை வழித்த கை அது. அந்தக் கைங்கர்யத்தின் தொடக்கம் அங்கேதான்.

சட்டமும் இதற்கு இடம் தந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரமல்லாத சிறு வனப் பொருள்களைத் திரட்டவும் விற்கவும் காட்டில் வாழும் மக்களுக்கு உரிமை அளித்தது. பழங்குடியினரின் கூட்டுறவு விற்பனை நிலையங்களில் வனப் பொருள்களை வாங்கினால், விலையில் பெரும்பங்கு திரட்டியவருக்குச் சேர வழியுண்டு. சந்தனத்தையோ அரசின் விற்பனை நிலையங்களிலும் உரிய ஆவணத்தோடு விற்குமிடங்களிலும் மட்டுமே வாங்குவது முறை. அது கட்டுப்படியாகவில்லையென்றால் சந்தனத் தூபம் இல்லாமலே இருக்கலாம். ஆழ்வார் அதைக் கேட்கவில்லை.

ஸமர்ப்பிக்கும் முறை

கோயில்களில் ஆகமமும் அந்தந்த ஸந்நிதியின் மரியாதையுமே ப்ரமாணம். இல்லத்தில் அவரவர் ஆசார்யர் திருமாளிகை வழக்கைப் பின்பற்றுவது உசிதம். பொதுவாகப் பெரியோர்கள் அனுஷ்டித்து வருவனவற்றை இங்குத் தொகுக்கிறோம்.

தேங்காய்ச் சிரட்டைக் கரியைத் தூபக்காலில் மூட்டி, நன்கு சிவந்து மேலே சாம்பல் மெல்லப் பூத்தபின் திரவியத்தை இட வேண்டும். கொழுந்து விடும் நெருப்பில் இட்டால் பிசின் கருகி நெடியேறும், மணம் வராது. நெருப்பை வாயால் ஊதலாகாது, விசிறியால் வீசுக. எம்பெருமானுக்கென்று எடுத்து வைத்ததை முன்னதாக முகர்ந்து பார்க்கலாகாது. பூவுக்குச் சொன்ன நியமமே புகைக்கும். மணி ஒலிக்க, இடக்கையில் மணியும் வலக்கையில் தூபக்காலுமாகக் கண்டருளப் பண்ணி, தீபம் காட்டியபின், அவன் உகந்த சேஷமாக அந்த மணத்தை நாம் ஏற்கலாம்.

அளவே இங்கு முதன்மை. ஆண்டாள் திருப்பாவையின் ஒன்பதாம் பாசுரத்தில், மாமான் மகள் உறங்கும் மாடத்தை வர்ணிக்குமிடத்துத் தூபம் கமழ்வதைச் சொல்கிறாள். புகை மண்டுவதைச் சொல்லவில்லை. கண் எரியவும் மூச்சு முட்டவும் செய்வது தூபத்தின் பயனன்று. எந்தப் பொருளை எரித்தாலும் நுண்துகளும் கரிவாயுவும் எழும். சாம்பிராணியும் இதற்கு விலக்கன்று. மூடிய அறையில் நாள்தோறும் அதை நுகர்வது நுரையீரலுக்குக் கேடு. ஆகையால் ஒரு சாளரமாவது திறந்திருக்கட்டும். ஆஸ்த்மா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் வயது முதிர்ந்தவர்களும் உள்ள இல்லத்தில் ஒரு சிட்டிகையோடு நிறுத்துக. கண்டகாலியின் முள்ளை நினைத்த திருவுள்ளம், அடியவருடைய இருமலை நினையாதிராது.

புகைக்கருவி பொருத்திய அடுக்குமாடியிலும் மாணவர் விடுதியிலும் வாழும் அன்பர்கள், தூபம் இல்லாமையால் தம் திருவாராதனம் குறைபட்டது என்று வருந்த வேண்டா. கருவியைத் துணியால் மூடி வைத்துப் புகை போடுவதோ ஆபத்தானது. அவ்வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் தீங்கு. கிடையாத உபசாரத்துக்கு ஈடாக ஒரு துளஸிதளத்தையோ புஷ்பத்தையோ ஸமர்ப்பித்து, தூபத்தை மனத்தால் ஸங்கல்பித்துக் கொள்வது பெரியோர் காட்டிய வழி. அன்பையே அகலாக்கி விளக்கேற்றிய பூதத்தாழ்வாரின் வழியில் வந்தவர்களுக்கு இது புதிதன்று.

திரண்ட பொருள்

தொடக்கத்தில் எழுந்த வினாக்களுக்கு இனி விடை சொல்லலாம். எந்தத் தூபம் உகந்தது என்றால், அன்போடு இட்டது எதுவாயினும் உகந்தது. அகில் வேண்டும் என்று அவன் கேட்டதில்லை. எது ஆகாது என்றால், எடுப்பவனுக்கும் இடுபவனுக்கும் அருகிருப்பவனுக்கும் முள்ளாக முடிவது ஆகாது. ஒன்றும் கிடைக்காத ஊரில் என் செய்வது என்றால், ஆழ்வார் சொன்ன மூன்றில் நீர் எங்கும் கிடைக்கும்; அவனைப் பாட நாவும் கூடவே இருக்கிறது.

அடுத்தமுறை கடையில் தூபம் வாங்கும்போது, இது எந்த மரத்தினுடையது, எங்கிருந்து வந்தது என்று ஒரு சொல் கேட்போமாக. இல்லம் திரும்பி அதைத் தணலில் இடும்போது, அதை எடுத்துத் தந்தவர்களையும் எம்பெருமான் திருமுன்பே நினைப்போமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.